தாய் வில்லை

தாய் வில்லை தப்பாகச் சொல்கிறது என்று மிருதுளாவுக்குத் தெரிய வந்தபோது காலை மணி பதினொன்றேகால். டீ கூட இன்னும் வந்திருக்கவில்லை. தலைபோகிற சமாசாரங்கள் வெறும் வயிற்றில்தான் வந்து சேரும் என்பது அவளுடைய நெடுநாள் அனுபவம்.

சூலூருக்கு வெளியே, மூடிப்போன ஒரு பஞ்சாலையின் கூரைக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது அந்தத் தொழிற்சாலை. பத்தொன்பது வருடமாக அங்கே சோதனை அறை அவள் பொறுப்பு. வயது நாற்பத்தொன்பது. இரண்டு முட்டியிலும் வலி. பெயரைக் கேட்டுவிட்டுச் சின்னப் பெண் ஒருத்தியை எதிர்பார்த்து வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்குவார்கள். என்ன செய்வது, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மிருதுளா, தன்ஷிகா என்று ஆசை ஆசையாய்ப் பெயர் வைக்கப்பட்ட குழந்தைகளுக்கும் ஒரு நாள் நரைத்துத்தானே ஆக வேண்டும்?

அங்கே செய்வது வில்லை. சட்டைப் பித்தானைவிடச் சற்றுப் பெரிது, கரி நிறம். மூக்குக்குக் கீழே மாட்டும் சின்னக் கவசத்தில் அதைப் பொருத்திக்கொண்டால் போதும். சிலிண்டர் வேண்டாம், குழாய் வேண்டாம். சுற்றியிருக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பொறுக்கி உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். இரும்பு வார்க்கும் பவுண்டரிகளில் மணல் தூசியைத் தின்று பாதி நுரையீரலோடு நடமாடும் ஆட்களுக்கென்று வந்த சாதனம் அது. வந்த புதிதில் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பிறகு அரசாங்கத்தின் மூச்சு வாரியம் ஒரு விதி போட்டது. வில்லை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வேலை செய்தால் அதைப் போட்டிருப்பவன் முழு ஆள். முழு ஆளுக்கு முழு வேலை. அதுவரை நெஞ்சு கெட்டவர்களுக்குக் கொடுத்து வந்த லைட் டூட்டி சீட்டு ரத்து. யாராவது மூச்சுப் போதவில்லை என்று முறையிட்டால் அவன் வில்லை சோதனைக்கு வரும். வில்லை நல்லது என்றால், ஆள்தான் சரியில்லை என்று அர்த்தம். இரும்பை உருக்கி ஊற்ற ரோபோ வந்துவிட்டது. ஆனால் இரும்பு இறுகிய பிறகு மணல் அச்சை உடைத்து உதறும் வேலைக்கு மட்டும் மனிதன்தான். மணல் புகுந்தால் ரோபோவின் மூட்டுக் கெட்டுவிடும், அதை மாற்ற நாளாகும். மிருதுளாவின் வீட்டுக்காரர் தரணிதரன் இப்படித்தான் போன சித்திரையில் முதல் வில்லையை மாட்டிக்கொண்டு, நான்கு வருடம் வீட்டில் கிடந்தபின் திரும்பவும் பவுண்டரிக்குப் போனார்.

வெளியே போகும் ஒவ்வொரு வில்லையையும் தாய் வில்லையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தாய் வில்லை யார் மூக்குக்கும் போகாது, அளவுக்காகவே இருப்பது. அது எவ்வளவு காற்றை விடுகிறதோ அதற்கு நூறு என்று பெயர். மற்றவை அதற்கு எவ்வளவு என்பதை மிஷின் சொல்லும், மிருதுளா முத்திரை வைப்பாள். வருடத்துக்கு ஒரு தடவை, தை மாதம், டெல்லியிலிருந்து தாய் வில்லையின் ஜோடி சீல் வைத்த பெட்டியில் வரும். இரண்டும் சமம்தானா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். இத்தனை வருடமும் இரண்டும் சமம். இந்தத் தடவை ஜோடி வில்லையை வைத்ததும் மிஷின் நூற்றிருபத்திரண்டு என்றது.

முதலில் அவள் டெல்லிக்காரர்களைத் திட்டினாள். வழியில் எங்காவது போட்டு உடைத்திருப்பார்கள். எடுத்து மறுபடி வைத்தாள், அதே எண். மூன்றாவது தடவையும் அதே. அப்புறம்தான் மனசு மெல்ல மறுபக்கம் திரும்பியது. உடைந்த வில்லை காற்றைக் கண்டபடி விடும். எண் நிலையாக நிற்காது. இது ஆணி அடித்ததுபோல் நின்றது. அது கூடவில்லை என்றால், இது குறைந்திருக்கிறது. நூறை நூற்றிருபத்திரண்டால் வகுத்துப் பார்த்தாள்: நூறு என்று அவள் இப்போது முத்திரை வைத்து அனுப்பும் வில்லை ஒவ்வொன்றும் எண்பத்திரண்டுதான்.

தாய் வில்லையை உறிஞ்சு கலத்தில் வைத்து, இளஞ்சூடு மட்டும் காட்டினாள். உள்ளே ஒட்டியிருப்பது எதுவானாலும் துளி வெளியே வரும். வந்ததை எடைபோட்டுப் பெயர் சொல்ல இன்னொரு கருவி இருந்தது. அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு பெயரைச் சொன்னது. கற்பூரம்.

மிருதுளா நாற்காலியில் உட்கார்ந்தாள். டீ வந்து, ஆறி, ஆடை படிந்தது.

ஆயுத பூஜை. அந்தத் தொழிற்சாலையில் ஸ்க்ரூ டிரைவரிலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. சோதனை மிஷின் சுத்த அறையில் இருப்பதால் அதன் பக்கமே பூவும் புகையும் போக முடியாது. அது மட்டும் பூஜையில்லாமல் நிற்பது யாருக்கும் மனசு ஒப்பவில்லை. அதனால் பல வருடம் முன்பே ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது: மிஷினுக்குப் பதில் தாய் வில்லையை அதன் பெட்டியோடு வெளிக்கூடத்துக்கு எடுத்து வந்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொரி கடலையோடு வைப்பார்கள். பெட்டி மூடியே இருக்கும். மூடியின்மேல் ஒரு பொட்டு, அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் அவள்தான் மூடியைத் திறந்தாள். யாரும் சொல்லவில்லை. நாலு வருடம் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கிய தரணிதரன், வில்லை வந்த அந்த வருடம் படுத்துத் தூங்கினார். மாடிப்படி ஏறினார். ஒரு நாள் அவளை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் குறிச்சிக் குளம் வரைக்கும் ஓட்டிப்போனார். தீபாராதனை காட்டும்போது அந்த வெளிச்சம் வில்லையின் மேலேயே விழட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தட்டு நிறையக் கற்பூரம். அரை நிமிடம்கூட இருக்காது. கன்னத்தில் போட்டுக்கொண்டு மூடிவிட்டாள்.

மேனேஜர் விஹான் நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்பது வயது, விற்பனைப் பக்கமிருந்து மேலே வந்தவன், வில்லைக்குள் என்ன நடக்கிறது என்பது அவனுக்குத் தேவைப்பட்டதில்லை. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"துளியூண்டு கற்பூரம், மிருதுளாக்கா. வீட்டுல நாம தினம் ஏத்தறோம். அதுல போய் இத்தனை கொறையுமா?"

"சார், கேரம் போர்டுல ஸ்ட்ரைக்கரக் கட்டைமேல அடிச்சா என்னாகும்?"

"திரும்பி வரும்."

"எப்படி வரும்?"

"எந்தச் சாய்வுல போச்சோ அந்தச் சாய்வுல, நேக்கா மறுபக்கம் போகும்."

"கட்டை மேல வெல்லப்பாகு தடவியிருந்தா?"

"ஒட்டிக்கும்."

"ஒட்டிக்கும். செத்த நேரங்கழிச்சு உதுந்து கெளம்பும். எந்தப் பக்கம் கெளம்பும்னு அதுக்கே தெரியாது. வந்த வழியே திரும்பிப் போனாலும் போகும். நம்ம வில்லைக்குள்ள லட்சக்கணக்கான சந்து இருக்குதுங்க சார். ஒவ்வொரு சந்தும் எத்தன ஒடுக்கம்னா, ரெண்டு மூலக்கூறு ஒண்ணையொண்ணு பாக்கறதே அபூர்வம். வெளியில காத்துன்னா அதுக ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். இங்க முட்டறதெல்லாம் சுவத்துலதான். சுவரு வழவழன்னு இருக்கறதால அடிச்ச வேகத்துலயே தெறிச்சுத் தெறிச்சு முன்னால போயிருது. அந்த வழவழப்புத்தான் சார் நாம விக்கற சரக்கே. வேற ஒண்ணுமில்ல."

"கற்பூரம் பாகு மாதிரி படிஞ்சுருச்சு."

"ஒரு படலம். கண்ணுக்குத் தெரியாது. மொதல்ல சந்தோட வாய்ல ஒட்டி, அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா உள்ள போயிருக்குது. அதான் ஒரே நாள்ல தெரியல."

விஹான் மேஜையைப் பார்த்தபடி இருந்தான். அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஐப்பசியில், தாய் வில்லை இறங்க இறங்க, மற்ற வில்லைகளின் எண் நாளுக்கு நாள் ஏறியது. நூற்றைந்து, நூற்றுப்பத்து, நூற்றிருபது. எல்லோரும் சந்துச் சுவருக்கு வழவழப்புப் பூசும் புது முலாம் தொட்டியின் பெருமை என்றார்கள். பூஜை பலித்தது என்றும் சிலர் சொன்னார்கள். நூறு போதுமே, நூற்றிருபது எதற்கு என்று விஹான்தான் வில்லைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குகளைக் குறைக்கச் சொன்னான். அவள்தான் அதற்குக் கையெழுத்துப் போட்டாள். வில்லை மெலிந்தது, எண் அழகாக நூறில் வந்து நின்றது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கேடயம் வந்தது; அது இப்போது அவன் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்தது.

"எத்தனை வில்லைங்க்கா போயிருக்கும்?"

"ஆறாயிரத்து நானூறு."

எழுந்துபோய்க் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். பிறகு விஹான் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு அடுப்பு காலியா இருக்கு. தாய் வில்லைய வெச்சு நல்லாச் சூடு பண்ணிட்டா கற்பூரம் ஓடிரும். அதோட கொணமே அதுதானே, ஒரு பொட்டு மிச்சம் வெக்காது. ஜோடியோட திரும்பப் பாப்போம், நூறுக்கு நூறு வரும். அடுக்கையும் பழையபடி ஏத்திக்கலாம். வெளிய போனதெல்லாம் ஆறு மாச வில்லை, சித்திரையில தானா மாறிரும். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டியதில்ல."

"அதுவரைக்கும் அவங்க?"

"அக்கா, திரும்ப வாங்கறோம்னு சொன்னா நாளைக்கே ஆறாயிரம் பேரு வில்லையைக் கழட்டி வீசுவான். எண்பத்திரண்டும் இல்லாம போயிரும். பயத்துலயே நாலு பேரு போயிருவான். அது நல்லதா?" அவன் நிஜமாகவே கேட்டான். அப்புறம் இன்னும் மெதுவாக, "பெட்டியத் தெறந்தது யாருன்னும் வரும்ல" என்றான்.

மிரட்டுவதற்காகச் சொன்னதல்ல அது. அதுதான் அவளைச் சோர்வடையச் செய்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

மத்தியானம் முழுக்க அவளுக்கு முகிலன் நினைவாகவே இருந்தது. தரணிதரன் வேலை செய்யும் அதே பவுண்டரி. கார்த்திகை முதல் வாரம், வில்லையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு சோதனை ஜன்னலுக்கு வந்து நின்றான். முப்பத்தாறு வயது. பேசும்போதே இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தினான்.

"பத்தலைங்க்கா. பழைய வில்லைல இப்படி இல்லீங்க."

அவள் அக்கறையாகத்தான் பார்த்தாள். இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள். நூற்றொன்று. திரையை அவன் பக்கம் திருப்பிக்கூடக் காட்டினாள். "வில்லை நல்லாருக்குதுங்க தம்பி. லைட் டூட்டில இருந்த ஒடம்பு, பழகறதுக்கு நாளாகும். சாயங்காலமா கொஞ்சம் நடங்க."

அவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப எனக்குத்தானுங்க்கா" என்றான். வில்லையை மறுபடி காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டான். விதிப்படி அவள் அனுப்பிய முடிவு வாரியத்துக்குப் போய், லைட் டூட்டி சீட்டு அவனுக்குத் திரும்பக் கிடைக்கும் வழியும் அதோடு போயிற்று. கார்த்திகைக் கடைசியில், அச்சு உடைக்கும் இடத்திலேயே விழுந்துவிட்டான். மாரடைப்பு என்று எழுதினார்கள். துக்கத்துக்கு மிருதுளாவும் போய்வந்தாள். அவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, தைரியமா இரும்மா என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்படிப் பிடித்த தன் கையை இப்போது எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் முழுக்க இறங்கவில்லை. தரணிதரன் வேலை உடுப்போடு கட்டிலில் கிடந்தார். ஒரு காலில் செருப்பு. இன்னொன்றைக் கழற்றத் தெம்பில்லாமல் அப்படியே சாய்ந்திருக்கிறார். மூக்குக்குக் கீழே கவசம், கவசத்தில் வில்லை. அவள் முத்திரை.

கார்த்திகையிலிருந்தே இப்படித்தான். தண்ணீர்க்குடம் தூக்கமாட்டேன் என்பார், கடைக்குப் போகச் சொன்னால் நாளைக்கு என்பார். அவள் அவருடைய வில்லையை ஆபீசுக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை சோதித்தாள். தொண்ணூற்றொன்பதரை. அதற்குப் பிறகு அவளுக்குப் பொறுமை போய்விட்டது. நாலு வருசம் உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கம் விடமாட்டேங்குது என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லியும்விட்டாள். அவர் எழுந்துபோய்க் குடத்தைத் தூக்கி வந்து வைத்துவிட்டு, சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவள் பார்த்தும் பார்க்காததுபோல வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மிருதுளா குனிந்து அந்த இன்னொரு செருப்பைக் கழற்றினாள்.

"ஏம்புள்ள, இன்னைக்கு என்ன இத்தன உபசாரம்?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். எந்திரிக்க வேண்டாம். படுத்துட்டே கேளுங்க."

ஒன்றுவிடாமல் சொன்னாள். பெட்டியைத் திறந்ததைச் சொன்னாள், எதற்காகத் திறந்தாள் என்பதையும் சொன்னாள். அடுக்கைக் குறைக்கக் கையெழுத்துப் போட்டதைச் சொன்னாள். முகிலன் வந்து நின்றதையும், நடக்கச் சொன்னதையும் சொன்னாள். நாளைக் காலை ஒன்பது மணி அடுப்பைப் பற்றியும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எண்பத்திரண்டா?"

"ஆமாங்க."

"என்னுதுமா?"

"உங்களுது எண்பத்தொண்ணரை."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முகிலன் மொதல்ல உன்ற கிட்ட வரல புள்ள. மேஸ்திரி கிட்டத்தான் போனான். மூச்சுப் பத்தல, நாப்பது அச்சு ஒடைக்க முடியல, முப்பது போட்டுக் குடுங்கன்னான். நான் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தன். பரணி மேஸ்திரி என்ன பண்ணுனாருன்னா, என்ற தோள்மேல கையப் போட்டாரு. 'இவரும் இதே வில்லைதான்டா போட்டிருக்காரு. வில்லை பாக்கற அம்மாவோட வீட்டுக்காரரு. உன்னையவிடப் பதினஞ்சு வயசு மூத்தவரு. இவரு நாப்பது ஒடைக்கறாரு, உனக்கென்னடா கேடு'ன்னாரு."

மிருதுளா கட்டிலின் ஓரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைலிருந்து அதுதான் கணக்கு. யாரு முடியலன்னாலும் என்னையக் காட்டுவாரு. எனக்கும் முடியாதுதான். நெஞ்சுக்குள்ள ஈயத்த ஊத்துன மாதிரி இருக்கும். ஆனா நான் கொறைச்சா என்னாகும்? வில்லை பாக்கறவ புருசனுக்கே பத்தலியாம்னு பேச்சு வரும். உன்ற முத்திரைமேல ஒரு சொல்லு வந்துரும். நீயி நூறுன்னு சொன்னா அது நூறாத்தான் இருக்கும், ஒடம்புதான் ஏமாத்துதுன்னு பல்லக் கடிச்சுட்டு நாப்பதும் ஒடைச்சன். வீட்டுக்கு வந்தாத்தான் விழறது. அங்க விழுந்ததில்ல." மூச்சுக்காக நிறுத்தினார். "அங்க இருக்கற முப்பது பேருக்கும் நான்தான் புள்ள நூறு."

அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதாள்; அண்டை அயலைப் பற்றி யோசிக்கவில்லை. அவள் எதிரே நின்று சோம்பல் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் இந்த மனிதர் அவளுடைய ஒரு சொல்லைத் தூக்கி நிறுத்துவதற்காக இருந்த மூச்சையெல்லாம் அங்கே செலவழித்துவிட்டு வந்து கிடந்திருக்கிறார். அந்தச் சொல்லோ பொய். அந்தப் பொய்யை நம்பி இன்னும் முப்பது பேர். இப்படி எத்தனை பவுண்டரி, எத்தனை மேஸ்திரி.

"முகிலன் பொண்டாட்டி கிட்ட நான் என்னன்னு சொல்லுவன்?" என்றார் அவர்.

கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டு அவரே கேட்டார். "அடுப்புல வெச்சா ஒண்ணுமே தெரியாதா?"

"தெரியாதுங்க. நான் சொன்னாத்தான் உண்டு. சொன்னாலும் அது வெறும் வாய் வார்த்தையாப் போயிரும்."

"அப்ப அடுப்ப நீ பாத்துக்க. பவுண்டரிய நான் பாத்துக்கறன்."

அன்று விளக்கு வைத்த கையோடு, அடுப்பில் சாதம் கொதிக்கும்போதே, மிருதுளா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். பத்தொன்பது வருடமாக எழுதிய அறிக்கைகள் எல்லாம் 'சோதனையில் கண்டறியப்பட்டது' என்றுதான் ஆரம்பிக்கும். யார் கண்டது, யார் செய்தது என்று ஒருபோதும் இருக்காது. இதை 'பெட்டியைத் திறந்தவள் நான்' என்று ஆரம்பித்தாள். வில்லைகளைக் கழற்றச் சொல்ல வேண்டாம், வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள், சீட்டுகளை இன்றே திரும்பக் கொடுங்கள், மாற்று வில்லை வந்த பிறகு பழையதை வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதினாள். விஹான் சொன்ன பயத்துக்கு அவளுக்குத் தெரிந்த பதில் அதுதான். முகிலனுடைய பெயரையும், அவன் வில்லையின் எண்ணையும், தான் போட்ட நூற்றொன்றையும் எழுதினாள். வாரியத்துக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று, விஹானுக்கு ஒன்று. சாதம் இறக்குவதற்குள் டெல்லியிலிருந்து இரண்டு வரி வந்தது: தாய் வில்லையை யாரும் தொடக்கூடாது, காலை எட்டே முக்காலுக்கு ஆள் வருகிறார், நீங்களும் இருக்க வேண்டும். விஹானிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

காலையில் அவள்தான் அவரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டாள். ஏழரை மணி ஷிப்டு. பவுண்டரி கேட்டுக்கு உள்ளே, கூரை இல்லாத பெரிய முற்றத்தில் அச்சுகள் வரிசை வரிசையாய் அடுக்கியிருந்தன. இரவு ஊற்றிய இரும்பின் சூடு வாசல் வரைக்கும் அடித்தது. ஆட்கள் கவசமும் சுத்தியலுமாக அவரவர் இடத்தில் ஏற்கனவே ஆரம்பித்துவிட்டார்கள். காதைப் பிளக்கும் சத்தம். பரணி மேஸ்திரி கையில் பலகையோடு எண்ணிக்கொண்டே நடந்தார்.

தரணிதரன் தன் இடத்துக்குப் போனார். சுத்தியலை எடுத்தார். அதைப் பத்திரமாக அச்சின்மேல் படுக்கவைத்தார். பிறகு, பந்தியில் இலைக்கு முன்னால் உட்காருவதுபோலச் சாவகாசமாகக் காலை மடக்கி, முந்தின நாள் உதறிய மணலின்மேல் உட்கார்ந்தார்.

மேஸ்திரி ஓடி வந்தார். "என்னுங்க தரணி, ஒடம்புக்குச் சரியில்லையா?"

"ஒடம்பு அப்படியேதானுங்க இருக்குது. ரெண்டரை மாசமா இதே ஒடம்புதான்."

"அப்ப எந்திரிங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுங்க. இத்தன நாளும் என்னையத்தான பாக்கச் சொன்னீங்க."

பரணி மேஸ்திரி பலகையைப் பார்த்தார், தரணிதரனைப் பார்த்தார். பக்கத்து வரிசையில் ஒருத்தன் சுத்தியலை ஓங்கியவன் அப்படியே நிறுத்தினான். "ஏனுங்கண்ணா, உங்களுக்குமா?" என்று கேட்டான்.

"எனக்குந்தான் சாமி. வில்லை பத்தல. எண்பத்திரண்டுதானாம். என்ற வீட்டுக்காரியே நேத்து அளந்து சொன்னா. உனக்கு ஒண்ணுமில்ல. நீ உக்காரு."

அவன் உட்காரவில்லை. மேஸ்திரியின் கையிலிருந்த பலகையைப் பார்த்தான். பிறகு சுத்தியலைக் கீழே விட்டான். கால் மடங்கியதா, அவனாக உட்கார்ந்தானா என்று சொல்ல முடியாதபடி மணலில் இறங்கினான். அவனைப் பார்த்து அடுத்தவன். செய்தி வரிசையிலிருந்து வரிசைக்குப் போவதை வாசலுக்கு வெளியில் நின்றே மிருதுளாவால் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு சத்தமாக அடங்கியது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, கடைசியில் மூலையில் ஒரே ஒரு சுத்தியல். அதுவும் நின்றது.

அப்போதுதான் அவளுக்குக் கேட்டது. முப்பது பேர் மூச்சு வாங்கும் சத்தம். இத்தனை நாளும் அது இந்தச் சுத்தியல்களுக்கு அடியில் இருந்திருக்கிறது.

மணி எட்டு. டெல்லிக்காரர் வருவதற்குள் சூலூர் போயாக வேண்டும். மிருதுளா வண்டியைக் கிளப்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்று அதைக் கேட்டாள்.